கரும்பு நோய்க்குக் காற்று மட்டும்தான் காரணமா?

கரும்பு என்றவுடன் நம்மில் பலருக்குப் பொங்கலன்று வாசலில் சாய்த்து வைக்கும் அந்தக் கருஞ்சிவப்புக் கழிதான் ஞாபகத்துக்கு வரும். நான் எழுதப் போவது அதைப் பற்றி அல்ல. ஆலைக்குப் போகும் கரும்பைப் பற்றி. கடித்துப் பார்த்தால் பல் வலிக்கும் அந்தக் கடினமான கரும்புக்கும் நோய் வரும், அதில் சில நோய்கள் காற்றில் பறந்து வரும் என்பது கரும்பு போடாத வீட்டில் பிறந்தவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. கரும்பு போடுகிறவர்களுக்கோ நன்றாகவே தெரியும். "காத்துல வந்துடுச்சு தம்பி, நாம என்ன பண்றது?" என்பார்கள்.

இந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். கரும்புக்கு வரும் எல்லாப் பூஞ்சண நோயும் காற்றில் வருவதில்லை. நம் நாட்டில் கரும்புக்குப் பெரிய எமன் செவ்வழுகல் நோய். கழியைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவப்பும் நடுநடுவே வெள்ளைத் திட்டுமாக, புளித்த வாடையோடு இருக்கும். அது முக்கியமாக விதைக்கரணை வழியாகவும், பாசன நீர், மழைநீர் வழியாகவும் பரவுவது. காற்றின் மேல் பழி போட அங்கே அதிக இடமில்லை. காற்றையே வாகனமாக வைத்திருப்பவை வேறு இரண்டு: கரிப்பூட்டை நோய், துரு நோய்.

கரிப்பூட்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரும்பின் நுனிக் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் தடிமனில் ஒரு சாட்டை கிளம்பும். கிளையில்லாமல், மேலே போய் வளைந்து தொங்கும். முதலில் அதன் மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய சவ்வு மூடியிருக்கும். சவ்வு கிழிந்தால் உள்ளே இருப்பது முழுவதும் கரித்தூள். விரலால் தொட்டால் அடுப்புக்கரி பட்டது போல் ஒட்டும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஒரு வித்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே சாட்டையிலிருந்து ஒரே நாளில் கோடிக்கணக்கில் கிளம்பும். இதற்குக் காரணமான பூஞ்சணத்துக்கு இப்போதைய பெயர் ஸ்போரிசோரியம் சிட்டமினியம். பழைய புத்தகங்களில் அஸ்டிலாகோ என்று இருக்கும்.

இந்த நோயில் ஏமாற்று வேலை ஒன்று உண்டு. காற்றில் வந்த வித்து நின்று கொண்டிருக்கும் நல்ல கரும்பின் கணுவில் இருக்கும் பருவில் போய் உட்காரும். பருவின் செதிலுக்கு அடியில் முளைத்து உள்ளே நுழைந்துவிடும். அந்தக் கரும்பில் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அதை வெட்டிக் கரணையாக்கி நட்டால், சில மாதம் கழித்து அடுத்த பயிரில் சாட்டை கிளம்பும். வெட்டிய கட்டையிலிருந்து தழையும் மறுதாம்பில் இன்னும் அதிகமாகக் கிளம்பும். ஆக இந்த நோய் காற்றில் வந்து, கரணைக்குள் ஒளிந்து, மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் ஏறி அடுத்த ஊருக்குப் போய், அங்கிருந்து மறுபடி காற்றில் ஏறும். காற்று பாதி தூரம், நாம் பாதி தூரம்.

துரு நோய் இதைவிட நேரடியானது. இலையில் பழுப்பாகவோ ஆரஞ்சு நிறத்திலோ சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். கொப்புளம் வெடித்துப் பொடி பறக்கும். வயலுக்குள் நடந்து போனால் சட்டையில் துரு படிந்தது போல இருக்கும். கரணைக்குள் ஒளியும் வேலையெல்லாம் இதற்கு வேண்டியதில்லை. இலைக்கு இலை, வயலுக்கு வயல், காற்றே போதும்.

எவ்வளவு தூரம் போகும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1978 வரை அமெரிக்கக் கண்டங்களின் கரும்புத் தொழிலுக்குப் பழுப்புத் துரு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. அந்த வருடம் ஜூலை மாதம் டொமினிக்கன் குடியரசில் திடீரென்று தெரிந்தது. அடுத்த வருடத்துக்குள் ஜமைக்கா, கியூபா, புளோரிடா என்று பரவிவிட்டது. எப்படி வந்தது என்று தேடியவர்கள் அந்த நாட்களின் காற்றோட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், கேமரூன் பக்கமிருந்து, அட்லாண்டிக்கைத் தாண்டிக் காற்றில் வந்திருக்கலாம் என்று 1985-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை சொன்னது. ஏறக்குறைய 9000 கிலோமீட்டர். நம்ப முடியவில்லை என்றால், சகாராப் பாலைவனத்துப் புழுதி வருடா வருடம் அதே கடலைத் தாண்டிக் கரீபியன் தீவுகளில் போய் விழுகிறது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். புழுதி போகிற வழியில் பொடி போகக் கூடாதா என்ன?

இதில் அதிகம் அடிபட்டது கியூபா. பார்படோசில் உருவாக்கப்பட்ட பி 4362 என்ற ரகம் கியூபாவின் கரும்புப் பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நல்ல விளைச்சல் தரும் ரகம்தான். ஆனால் துருவுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. 1979-ல் சுமார் 80 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை உற்பத்தி அடுத்த வருடம் 70 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அன்றைய கியூபாவுக்குச் சர்க்கரை என்பது வெறும் பயிர் அல்ல. பெட்ரோலும் இயந்திரமும் வாங்கும் காசு. அமெரிக்கா வேண்டுமென்றே கிருமியைத் தூவிவிட்டது என்ற குற்றச்சாட்டுகூட எழுந்தது. பனிப்போர் காலத்தில் அப்படிச் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. யாரோ தூவினார்கள் என்றே வைத்துக் கொள்வோம். தூவிய பொடி முளைக்க மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஒரே ரகமாக விரித்து வைத்தது யார்? அதை எந்த உளவு நிறுவனமும் செய்யவில்லையே!

இது ஏதோ கம்யூனிச நாட்டின் திட்டமிடல் கோளாறு என்று சிரிப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் கதை. அங்கே ஆரஞ்சுத் துரு நூறு வருடமாகவே இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொண்டதில்லை. க்யூ 124 என்ற ரகம் அதைத் தாங்கக் கூடியது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு அந்தப் பூஞ்சணம் க்யூ 124-ன் எதிர்ப்பை உடைத்துவிட்டது. அப்போது நாட்டின் கரும்பில் பாதியை நெருங்கும் அளவு அந்த ஒரே ரகம். மக்கே வட்டாரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். ஒரே வருடத்தில் நஷ்டம் 15 கோடியிலிருந்து 21 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். முதலாளித்துவ நாடு, படித்த விவசாயிகள், நல்ல ஆராய்ச்சி நிலையம், எல்லாம் இருந்தும் இதுதான் நடந்தது. ஏனென்றால் க்யூ 124 காசு கொடுத்தது. காசு கொடுக்கிற ரகத்தை எல்லோரும் நடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரி. சேர்த்துப் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் வைக்கோல் அடுக்கி வைத்தது போல.

இதே விஷயத்தை நூற்று நாற்பது வருடம் முன்பே ஒருவர் நம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். 1869-ல் இலங்கையில் காப்பிச் செடிக்கு இலைத் துரு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் காடு வெட்டி உருவாக்கிய தோட்டங்கள் அவை. நோயை ஆராய 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளைஞரை அனுப்பினார்கள். அவர் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் பறக்கும் வித்துகளைப் பிடித்தார். நோய் காற்றில் பரவுகிறது என்று காட்டினார். அதோடு நிற்கவில்லை. மலை மலையாக இடைவெளியே இல்லாமல் ஒரே செடியை நட்டதுதான் இந்த அளவு நாசத்துக்குக் காரணம் என்றும் சொன்னார். தோட்டக்காரர்கள் கேட்கவா போகிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது மருந்து. கடைசியில் காப்பி போய்த் தேயிலை வந்தது. முதலாளி பயிரை மாற்றிக் கொண்டார். கூலி வாங்கியவர்கள் நிலை என்னவாயிற்று என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சரி, கரும்புக்கு வருவோம். கரிப்பூட்டை முதன்முதலில் பதிவானது 1877-ல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில். பிறகு அது மெல்ல மெல்ல உலகம் சுற்றியது. 1940-களில் அர்ஜென்டினா, பிரேசில். 1971-ல் ஹவாய். 1978-ல் புளோரிடா. இதில் நம் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1912-ல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்கு நிலையம்தான் நாணலோடு கரும்பை ஒட்டுச் சேர்த்து, பார்பரும் வெங்கடராமனும் கோ 205 என்ற ரகத்தை 1918-ல் வெளியிட்ட இடம். உலகக் கரும்பு வரலாற்றில் கோவைக்கு உள்ள இடத்தை நம் பள்ளிப் புத்தகங்கள் ஏன் இரண்டு வரியில் முடித்துக் கொள்கின்றன என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். நேட்டாலின் குளிரில் கரும்பு ஒழுங்காக விதை பிடிக்காததால், கோவையில் ஒட்டுச் சேர்த்த விதையைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். அங்கே முளைக்க வைத்துத் தேர்ந்தெடுத்த ரகம்தான் என்கோ 310. 'என்' என்றால் நேட்டால், 'கோ' என்றால் கோயம்புத்தூர். தைவான், ஒக்கினாவா, ஆப்பிரிக்க நாடுகள், அமெரிக்கா என்று எங்கெங்கோ ஓகோ என்று ஓடியது. அதன் ஒரு பெரிய பலவீனம் கரிப்பூட்டை. நல்ல ரகம் போன இடமெல்லாம் கரிப்பூட்டைக்கும் இலை போட்டு வைத்தது போலாயிற்று.

பிறகு ஆஸ்திரேலியாவும் மாட்டியது. அங்கே 1998-ல் மேற்குப் பகுதியின் ஆர்டு ஆற்றுப் பாசனத்தில் கரிப்பூட்டை தெரிந்தது. இந்தோனேசியாவிலிருந்து கடல் தாண்டிக் காற்றில் வந்திருக்க வேண்டும் என்பது பலரின் கணிப்பு. முக்கியமான கரும்பு மாநிலமான குயின்ஸ்லாந்து அங்கிருந்து வெகு தொலைவு. "இங்கே வர இன்னும் நாளாகும்" என்று சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ரகங்களை இந்தோனேசியாவுக்கு அனுப்பி, அங்கே நோயுள்ள மண்ணில் நட்டு, எது தாங்கும் எது தாங்காது என்று பார்த்து எழுதி வைத்துக் கொண்டார்கள். க்யூ 124 கொடுத்த அடி அவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கலாம்.

2006 ஜூன் மாதம் குயின்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் முதல் சாட்டை தெரிந்தது. அந்த வருடம் முடிவதற்குள் மக்கே, ஹெர்பர்ட் வட்டாரங்களிலும் தெரிந்துவிட்டது. பிடுங்கி எரித்து ஒழித்துவிடலாம் என்ற யோசனையைக் கைவிட வேண்டியிருந்தது. அப்போது அங்கே நட்டிருந்த ரகங்களில் பெரும்பாலானவை நோய் தாங்காதவை. ஆனால் எதை நட வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தது. சில ஆண்டுகளில் தாங்காத ரகங்களை அநேகமாக முழுவதும் மாற்றிவிட்டார்கள். காற்றில் வித்து இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கும் பொறிகளை வயல்களில் வைத்து, சாட்டை கண்ணுக்குத் தெரியும் முன்பே நோய் வந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும் பயன்படுத்தினார்கள். காற்றை அவர்களால் நிறுத்த முடியவில்லை. காற்று கொண்டு வந்ததற்கு விருந்து வைக்காமல் இருக்க முடிந்தது.

இப்போது நம் ஊர். கரிப்பூட்டைக்கு நம் விவசாயிக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாமே சரியானவைதான். நோயில்லாத நாற்றங்காலிலிருந்து கரணை எடுங்கள். கரணையை 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள், அல்லது சூடான ஈரக்காற்றில் வையுங்கள். சாட்டை தெரிந்தால் சவ்வு கிழியும் முன்பு சாக்குப் பையால் மூடி, தூள் சிந்தாமல் வெட்டி எரியுங்கள். நோய் கண்ட வயலில் மறுதாம்பு விடாதீர்கள். படிக்க நன்றாக இருக்கிறது.

ஆனால் யார் செய்வது, யார் செலவில்? ஒரு ஏக்கரில் ஆறு மாதக் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்போது, தோகை முகத்தில் அறுக்க, சாக்கைத் தூக்கிக் கொண்டு ஒவ்வொரு சாட்டையாகத் தேடிப் போக ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். நான் அதைச் செய்து முடித்து, பக்கத்து வயல்காரர் செய்யாவிட்டால், அவர் வயலின் தூள் என் பருவில்தான் உட்காரும். நான் செய்யாமல் அவர் செய்தால் என் தூள் அவருக்கு. இதில் ஒழுங்காக இருப்பவனுக்குத்தான் நஷ்டம். மறுதாம்பு விடாதே என்பது இன்னும் கொடுமை. கரும்பில் கையில் கொஞ்சமாவது மிஞ்சுவது மறுதாம்பில்தான். உழவு, கரணை, நடவுச் செலவு எதுவும் இல்லை. போன வெட்டுக்கே ஆலையிலிருந்து பணம் வராமல் நிலுவை நிற்கிறவரிடம் போய் "கட்டையைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக நடுங்கள்" என்றால் எப்படிக் கேட்பார்?

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்ததா என்று பார்த்துக் கொடுப்பது. ஊருக்கெல்லாம் நோய் பரவி எல்லோருக்கும் விளைச்சல் போன பிறகு உதவலாம். நோய் பரவக்கூடாது என்று முதலிலேயே தன் வயலை அழித்தவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? ஊரைக் காப்பாற்றியவனுக்குக் காசில்லை, ஊரோடு சேர்ந்து அழிந்தவனுக்குக் காசு உண்டு என்று ஒரு ஏற்பாடு இருந்தால், நான் விவசாயியாக இருந்தால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆகவே காற்றில் வரும் நோயைத் தனி விவசாயியின் கடமையாகப் பேசுவதே தவறு என்பது என் கருத்து. கொசு ஒழிப்பை ஒவ்வொரு வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகுமோ அதுதான் இது.

நம் ஏற்பாட்டில் ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு எல்லை ஒதுக்கலாம். விவசாயி கரும்பை ஆலையில் பதிவு செய்கிறார், ஆலை வெட்டு உத்தரவு கொடுக்கிறது. எந்த ரகத்தை ஆலை விரும்புகிறதோ அதைத்தான் அவர் நடுவார். எந்த ஊரில் எத்தனை ஏக்கரில் எந்த ரகம், நடவா மறுதாம்பா என்பது ஆலையின் பதிவேட்டில் இருக்கிறது. ஆக ரகம் ஒன்றே ஒன்றாகக் குவிவதைத் தடுக்கக் கூடிய இடம் ஆலைதான், அதைக் கேட்க வேண்டிய இடம் அரசு. வரப்பில் நிற்கும் விவசாயி அல்ல.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிராவிலும் கோ 86032 என்ற ரகம் இருபது வருடத்துக்கும் மேலாகக் கொடிகட்டிப் பறக்கிறது. எடையும் வருகிறது, சர்க்கரையும் வருகிறது, மறுதாம்பும் நன்றாக விடுகிறது. இதைக் குறைத்து இரண்டாம் தர ரகத்தை நடச் சொன்னால் அந்த நஷ்டத்தை யார் தருவது என்று கேட்பார்கள். கேள்வி சரிதான். ஆனால் இதே கேள்வியை உத்தரப் பிரதேசத்திலும் கேட்டார்கள். 2009-ல் வெளியான கோ 0238 என்ற ரகம் அங்கே கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பிடித்துக் கொண்டது. பிறகு செவ்வழுகலின் புதிய வகை ஒன்று அதைச் சாய்த்தது. அதை நடாதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. நம் ஊரிலேயே கோக 671 என்ற ரகம், சர்க்கரைக் கட்டுமானத்தில் அதற்கு ஈடில்லை என்று கொண்டாடப்பட்டது, செவ்வழுகலில் வீழ்ந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். (கோ 86032-ன் பெற்றோரில் ஒன்று அந்த 671-தான் என்பது ஒரு கூடுதல் தகவல்.) தண்ணீரிலும் கரணையிலும் போகும் நோய்க்கே இந்தக் கதி என்றால், காற்றில் போகும் நோய் புதிதாக ஒரு வகை எடுத்து வந்தால் மூன்று மாநிலம் தாண்ட எத்தனை நாளாகும்?

முழுவதும் மாற்றச் சொல்லவில்லை நான். ஒரு ஆலை எல்லையில் எந்த ரகமும் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு. மீதிப் பாதியில் கோவையும் கடலூரும் வெளியிட்டு வைத்திருக்கும் வேறு ரகங்கள். அதனால் சர்க்கரை கொஞ்சம் குறைந்தால் அந்த வித்தியாசத்தை ஆலையும் அரசும் பகிர்ந்து கொள்ளட்டும். அது காப்பீட்டுத் தவணை மாதிரிதானே. நோய் கண்ட மறுதாம்பைத் தானாக அழிக்கிறவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் காசும், வெந்நீர் நேர்த்தி செய்த கரணை இலவசமாகவும். எல்லா வயலிலும் சாட்டை தேட, ஆலையே ஆள் வைத்து ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஒரு சுற்று. பக்கத்து வயல்காரர் செய்தாரா இல்லையா என்ற சண்டையே அப்போது இருக்காது.

காற்றில் வித்து பிடிக்கும் கருவியும் புதிதல்ல. ஹர்ஸ்ட் என்பவர் 1952-லேயே செய்து காட்டிவிட்டார். ஒரு சின்ன உறிஞ்சு மோட்டார், மெல்ல நகரும் பசைத் தகடு, பார்க்க ஒரு நுண்ணோக்கி. ஒவ்வொரு ஆலை எல்லையிலும் நாலு இடத்தில் வைக்க ஆகும் செலவு ஒரு ஆலைக்குப் பெரிய தொகையாக இருக்க முடியாது. நுண்ணோக்கி பார்க்க வேளாண் கல்லூரி மாணவர்கள் இருக்கிறோம் :-)

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றே ஒன்றைச் செய்தால்கூடப் போதும் என்று தோன்றுகிறது. ஆலையில் சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்று கணக்கு வைக்கிறார்கள். அதோடு சேர்த்து, நம் எல்லையில் எந்த ரகம் நூற்றுக்கு எத்தனை, இந்த மாதம் எந்தெந்த ஊரில் எத்தனை வயலில் கரிப்பூட்டை தெரிந்தது என்று ஆலை வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். வண்டி வரிசையில் மணிக்கணக்காகக் காத்து நிற்கும் விவசாயிக்குப் படிக்க நேரம் நிறையவே இருக்கிறது.